கடலை இல்லாத விமானம்

"அந்த ஃபிளைட்டுல யாருக்கும் மல்லாட்டை குடுக்கக் கூடாதும்மா. வாசனை பட்டாலே சினேகாவுக்கு மூச்சு அடைச்சிடும்."

மகளுக்காகவே வேர்க்கடலை போடுவதை விட்டு நெல்லுக்கு மாறிய கீழ்பென்னாத்தூர் முருகவேல், திருவண்ணாமலை டிராவல்ஸில் வேலை பார்க்கும் கீதாஞ்சலியிடம் மன்றாடினார்.

"போன வாரம்தானே போனாங்க? அதுக்குள்ள திரும்பறாங்களா?"

அவர் தலையாட்டினார்.

சென்ற முறை, "மத்தவங்க சாப்பிடறத தடுக்க முடியாது" என்று கைவிரித்த விமான நிறுவனத்தோடு, இன்று விடாமல் போனில் மல்லுக்கட்டினாள் கீதாஞ்சலி. ஒருவழியாக அவர்கள் இறங்கி வந்தார்கள்.

"ஒத்துக்கிட்டாங்க சார்! கடலையே கிடையாதாம். பொண்ணோட சீட் நம்பர் சொல்லுங்க, தொடச்சி சுத்தமா வைக்கிறாங்களாம்."

முருகவேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சீட்டு இல்லம்மா. போறப்ப அடைச்ச மூச்சு திரும்பவே இல்ல. வர்றப்பவாவது அந்த வாசனை படாம வரட்டும்னுதான் கேட்டேன். பெட்டியில வர்றா."