இருப்புக்கொள்ளவில்லை

எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா தன் நோட்டில் ஓர் ஆங்கில வார்த்தையை எழுதினார். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது.

லாரிக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்த மெக்கானிக்குக்குத் தலைகீழ் எழுத்தெல்லாம் ஒரு விஷயமா. ஃபிட்ஜெட்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் மகளைப் பார்க்க எனக்கு அனுமதி. அதுவும் இந்த அறையில், இவர் முன்னால். பார்த்ததை இவர் நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்புவார். நல்லபடியாக எழுதினால் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள்.

ஏழு வயது. குனிந்த தலை நிமிராமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பொத்தானை விட்டால் பையின் வார். வாரை விட்டால் ரிப்பன். ஒரு நிமிஷம் சும்மா இல்லை.

அந்த வார்த்தையை நைசாகப் போனில் தேடினேன். 'நிலைகொள்ளாமல் கைகால்களை அசைத்துக்கொண்டிருத்தல். சலிப்பாலோ பயத்தாலோ ஆவலாலோ.' கீழே ஓர் உதாரணம்: 'பரிசைப் பிரிக்கும்வரை குழந்தை நெளிந்துகொண்டே இருந்தது.'

எனக்கு உதாரணமே போதும். அப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் பிள்ளைக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கும்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நடுநடுவே என் கைகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். கிரீஸ் மிச்சமிருக்கிறதோ என்று கூச்சமாக இருந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து, மூன்று தடவை சோப்புப் போட்டு, நகக்கண்ணில் குச்சி விட்டுச் சுரண்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு தேய்க்கவில்லை.

"இது ஆசையில பண்றதுதானே மேடம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அதிகாரியம்மா பேனாவை மூடினார். "கொஞ்ச நேரம் உங்க கையை மேசைக்குக் கீழ வச்சுக்கங்க சார்."

வைத்துக்கொண்டேன்.

மகளின் விரல்கள் பொத்தானை விட்டன. ரிப்பனுக்குப் போகவில்லை. மடியில் அப்படியே கிடந்தன.

அன்று முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

அவளை வாரி எடுத்துக்கொள்ளக் கை பரபரத்தது. கீழேயே வைத்திருந்தேன்.

ஒரே ஒரு நாள்தான் அவள் அம்மா மேல் கை வைத்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தேன். பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள் என்றும் சொல்லியிருந்தேன்.