காணாமல் போன களிம்பு

இன்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நிற்கிறாள். சன்னல் வெயில் விழும் கட்டிலில் மூத்த நாத்தனார், இவளுடைய கைப்பிள்ளைக்கு டயப்பர் மாற்றுகிறாள். பிள்ளையின் பின்புறம் நேற்றைவிடச் சிவந்து, தோல் பளபளக்கிறது. காலையில் இவள் பூசிவிட்டுப் போன வெள்ளைக் களிம்பு பொட்டளவும் இல்லை. "களிம்பு போட்டீங்களா, அண்ணி?" "போடாம? மாத்துறப்பல்லாம் போடுறேன்." "பூசின அடையாளமே காணோமே." "நான் செய்யறது என்னிக்கு உன் கண்ணுல பட்டிருக்கு?" பேச்சில் குறையில்லை. ஆனால் ஈரத்துணியோடு அத்தையின் கை நெருங்கியதுமே பிள்ளை காலை வயிற்றோடு இழுத்துக்கொள்கிறதே, அது ஏன்? ஆளில்லாத நேரத்தில் கிள்ளுகிறாளோ, அடிக்கிறாளோ? இவள் கட்டிலருகே போகிறாள். நாத்தனார் அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் துணியை அழுத்தித் தேய்க்கிறாள், பிள்ளை வீறிடுகிறது. "என்ன பண்றீங்க?" "இன்னும் பிசுபிசுங்குதே. பழசைச் சுத்தமா எடுத்துட்டுத்தானே புதுசு போடணும்?" "ஐயோ அண்ணி, அழுக்கை மட்டும் தண்ணி தொட்டு ஒத்தி எடுங்க. களிம்பு தோல்மேலயே இருக்கட்டும். அதுக்கு மேலயே பூசலாம்." துணி அந்தரத்தில் நிற்கிறது. "அப்போ நாலு நாளா பிள்ளையோட தோலை நானா உரிச்சேன்?" பிள்ளையைக் காற்றாட விட்டுவிட்டு இருவரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்கிறார்கள். நாத்தனார்தான் கேட்கிறாள். "என்னமோ மனசுல வச்சுக்கிட்டுத்தானே என்னை அப்படிப் பாத்தே? என்ன நெனச்சே, சொல்லு." "நேரத்துக்கு டயப்பர் மாத்தலையோன்னு நெனச்சேன்." "அவ்வளவுதானா?" "அவ்வளவுதான் அண்ணி" என்கிறாள், பிள்ளையின் பாதத்தை வருடியபடி, தலை நிமிராமல்.