தொட்டிக்குள் சிவப்பு

"இன்னா சார், மறுபடியும் ரத்தம் கட்டிக்கிச்சா?"

துடைப்பமும் கையுமாக நின்று கேட்டாள் வீட்டு வேலைக்கு வரும் கெங்கம்மாள்.

துரைக்கண்ணு கண்ணாடித் தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஜவ்வாது மலையில் இருக்கும் தொலைநோக்கிக் கூடத்தில் மின்பொறியாளர். சொந்த ஊர் அடிவாரத்துப் படவேடு. எட்டு மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்தபோது கூடவே வந்தது இந்தத் தொட்டி. உள்ளே இருப்பது கடல் தண்ணீர். மெட்ராஸிலிருந்து ஜீப்பில் கேன் கேனாக ஏற்றி வந்தது. மூன்று கடல் மீன்கள் இருந்தன. இப்போது மிச்சம் ஒன்றுதான்; ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது. அதுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ரத்தம் இல்ல கெங்கம்மா. பாசி மாதிரி தெரியுது, ஆனா பாசியும் இல்ல. கிருமி. பாக்டீரியான்னு சொல்லுவாங்க. கிட்ட வந்து பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். மணல்மேலும் கல்மேலும் கருஞ்சிவப்பாக ஒரு வழவழப்பு போர்த்தியிருந்தது. அதன்மேல் கடுகு கடுகாகக் குமிழிகள்.

"குமிழி தெரியுதா? இலை மாதிரியே இதுவும் வெளிச்சத்த வாங்கித்தான் பொழைக்குது. பகல்ல நல்ல காத்த வெளிய வுடும். ராத்திரியானா தண்ணியில இருக்கற காத்த இதுவே இழுத்துக்கும். மீனுக்கு மூச்சு முட்டும்."

"கிருமிக்கு இவ்ளோ சாமர்த்தியமா?"

"மரம் செடிக்கெல்லாம் முன்னாடியே பொறந்ததாச்சே!"

"அப்ப அதும் வூட்டுக்குத்தான் நாம வந்து குந்திக்கினு இருக்கோமா?"

துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மீனைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

"வெளிச்சம், ஓட்டமில்லாத தண்ணி, மிச்சத் தீனி. இந்த மூணும்தான் இதுக்கு வேணும். ஜன்னல்ல சாக்கு கட்டிட்டேன். கரண்டு போனாலும் காத்து மோட்டார் நிக்காம இருக்க பேட்டரி வெச்சிட்டேன். தீனி ஒரு சிட்டிகைக்கு மேல போடறதே இல்ல. அப்படியும் மாசம் தவறாம வருதே, எப்படி?"

கெங்கம்மாள் திரும்பிக்கொண்டு பெருக்க ஆரம்பித்தாள்.

அவர் ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி, கீழே வாளிக்குள் தாழ்த்தினார். தொட்டி உயரத்தில், வாளி பள்ளத்தில். ஒருமுறை இழுத்துவிட்டால் போதும், தண்ணீர் தானாகவே ஏறி இறங்கும். சிவப்பு வழவழப்பு தோசை பெயர்வதுபோல் துண்டு துண்டாகப் பெயர்ந்து குழாய்க்குள் போனது. ஒரு கல்லைப் புரட்டி அடியில் குழாயைக் காட்டினார். வாளிக்குள் ஊறிப்போன பருக்கைகள் வந்து விழுந்தன.

ஒன்றை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். சாமைச் சோறு!

அவர் சாப்பிடுவது அரிசிச் சோறு. அந்த வீட்டுக்குள் சாமை வருவது கெங்கம்மாளின் தூக்குப் பாத்திரத்தில் மட்டும்தான்.

"கெங்கம்மா, நீ போட்டியா?"

துடைப்பம் நின்றது. "ஆமா சார்."

"எவ்ளோ?"

"மாசத்துக்கு ஒருக்கா. ஒரு கைப்பிடி."

"கைப்பிடியா! ரெண்டு மீனு செத்துச்சே, நீதானே எடுத்துப் பொதைச்ச? அப்பவாவது சொல்லக்கூடாதா? பசிக்குமேன்னு பாவம் பாத்தியா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் அவர் கோபம் இறங்கிவிட்டது.

"சரி வுடு. தெரியாம செஞ்சிட்ட. மீனு தின்னாத சோறு அழுகும். அந்த அழுகல்தான் கிருமிக்கு விருந்து."

பத்து மணிக்கு மெட்ராஸ் போகும் ஜீப் வரும். அங்கே கடல் மீன் வளர்க்கும் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் கடைசியாக மிச்சமிருந்த அரைக் கேன் நல்ல கடல் தண்ணீரைப் பாலிதீன் பைக்குள் ஊற்றி, மீனை விட்டு, காற்றடைத்து ரப்பர் வளையம் போட்டார். கொஞ்ச நேரத்தில் மீன் வாலைச் சுழற்றி வளைய வந்தது.

"பொழச்சிக்கும். நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன். தொட்டித் தண்ணிய மொத்தமும் கொட்டிடணும். மண்ணு, கல்லு எல்லாத்துலயும் கிருமிதான். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வெயில்ல காய வெச்சாத்தான் சரியாவும்."

கெங்கம்மாள் நிமிர்ந்தாள். "மொத்தமுமா சார்?"

"ஒரு சொட்டு வுடாம. ஆமா, உன் மவன் மெட்ராஸ்ல மீன்புடி போட்ல வேலைக்குப் போனான்னு சொன்னாங்களே. அவனுக்கு எதனா குடுக்கணும்னா கொண்டா, பாத்துக் குடுத்துட்டு வர்றேன்."

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

அவர் வாளியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டச் சாய்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த கெங்கம்மாள் வாளியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"கொட்டாதீங்க சார்!"

"இன்னா கெங்கம்மா இது? மீனுதான் பொழச்சிடுச்சே!"

"சோறு மீனுக்குப் போடலீங்க சார்..." அவள் வாளியை விடவில்லை. "செத்தவங்கள பொதைச்ச எடத்துல அமாவாசைக்கு அமாவாசை சோறு வெக்கறது எங்க வூட்டு வழக்கம். என் புள்ள போன போட்டு திரும்பி வரல, ஒடம்பும் கெடைக்கல. அவன் இருக்கற கடல் தண்ணி, இந்த மலை முழுக்கத் தேடினாலும் இது ஒண்ணுதான் சார்."