மரியாதைக் கருவி

வேலையிலிருந்து தூக்கியவர்கள், என் தொண்டையில் பொருத்தியிருந்த மரியாதைக் கருவியையும் கழற்றிக்கொண்டார்கள். அது கம்பெனி சொத்தாம். வீட்டில் முதல் பட்டதாரி என்று தெருமுனையில் எனக்கு பேனர் வைத்த அப்பா, செய்தி கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கால் சென்டரில் மூன்று வருடம் அந்தக் கருவிதான் என் வாய். வாடிக்கையாளர் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் தேனாகத்தான் பதில் வரும். வேலை முடிந்து வந்தாலும் அது அணையாது. பெண் பார்க்க வந்தவன், "கல்யாணத்துக்கப்புறம் வெளிய போகக்கூடாது" என்றான். காறித்துப்பத்தான் வாயைத் திறந்தேன். "உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி" என்று வந்தது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தட்டு மாற்றப் போனார்கள். மாட்டேன் என்று தலையை ஆட்டி ஆட்டித்தான் தப்பித்தேன்.

சாயங்காலமே இன்னொரு கம்பெனிக்காரன் போன் செய்தான். "புது மாடல் கருவி மேடம், நாளைக்கே பொருத்திடலாம்."

ஒத்துக்கொள் என்று அப்பா கண்ணாலேயே கெஞ்சினார்.

"யோவ், அதை உன் தொண்டையில மாட்டிக்க. வைய்யா போனை!"

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "அடியே வாசுகி, உன் கொரலாடி இது?" என்று சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "இந்த வாய்க்கு எவன்டி வேலை குடுப்பான்?"

"வக்கீலுக்குப் படிக்கப் போறேன். அதுவரைக்கும் டியூஷன் எடுக்கிறேன்."

"எனக்கு பயமா இருக்கும்மா" என்றார் அப்பா, ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது.

"எனக்கும்தான்ப்பா."

மூன்று வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.