இரண்டு இலக்கம் போதும்

திரை வெள்ளையானது. செரைனாவின் கை தண்ணீர்க் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

சனிக்கிழமைத் தபாலில் பின்லாந்திலிருந்து வந்த ஃப்ளாப்பியை அண்ணன் ஃப்ளூரின் அப்போதுதான் கணினிக்குள் தள்ளியிருந்தான். அந்த உறையின் தபால்தலைகளைத்தான் அவள் கழுவிக்கொண்டிருந்தாள். அனுப்புகிறவர்களே மேலே பசை தடவியிருப்பார்கள்; கழுவினால் பசையோடு தபால் முத்திரையும் கரைந்துவிடும், திருப்பி அனுப்பினால் அவர்கள் மறுபடி ஒட்டலாம். விளையாட்டுகளை நகலெடுத்துத் தபாலில் மாற்றிக்கொள்கிற எல்லோரும் செய்வதுதான்.

"ஏய், இங்க வாடி! கம்ப்யூட்டர் பேசுது!"

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

வணக்கம். கை மாறிக் கை மாறி வந்திருக்கிறேன். என் எண் 04.

அவள் எழுதிய வரி.

வகுப்பில் எழுந்து நின்றால் வாயே திறக்க வராமல் பள்ளியை விட்டவள் அவள். சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்தைத் தாண்டி வேறு ஊர் பார்த்ததில்லை.

போன செப்டம்பரில், அண்ணன் வேலைக்குப் போன நேரங்களில், அந்தக் குட்டி வைரஸை எழுதினாள். எதையும் அழிக்காது. கணினி கண்விழித்ததும் முதலில் படிக்கும் இடத்தில் ஒளிந்திருந்து, அடுத்த ஃப்ளாப்பிக்குத் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் எண்ணில் ஒன்று கூடும். மார்ச் வரை வாய் திறக்காது.

ஹாலந்துக்குப் போன ஒரே ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றி அனுப்பினாள்.

எங்காவது போய்ச் சேர்ந்திருக்குமா? ஆறு மாதமாக அவளுக்கு வேறு நினைப்பில்லை.

ஃப்ளூரின் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "எவன்டா இவன்? மூளைக்காரன்! ஹாம்பர்க் ஹேக்கர் பயலுக வேலையாத்தான் இருக்கும்."

பிறகு சிரித்தான். "ஆனா பாரேன், வெறும் நாலு! தொட்டில விட்டே எறங்கல போல."

நாலு.

அவள் கிண்ணத்தின் பக்கம் திரும்பினாள். தபால்தலைகள் மங்கலாகத் தெரிந்தன.

"எண்ணுக்கு ரெண்டே ரெண்டு எடம் விட்டிருக்கான். இது நூறத் தாண்டாதுன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு."

செரைனா நிமிர்ந்தாள்.

ஆமாம், இரண்டு இலக்கம் போதும் என்றுதான் விட்டாள். அப்பாவின் பழைய காரில் ஓடிய தூரம் காட்டும் சக்கரம் மாதிரி, தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு மறுபடி பூஜ்யம்.

"எத்தன சுத்து சுத்திச்சோ..."

"என்னடி முணுமுணுக்குற?"

"ஒண்ணுமில்லண்ணா."

விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

முதல் பத்துத் தாவல்களை இதே மேசையில் அவளே சோதித்துப் பார்த்து, அந்த நகல்களை அழித்திருந்தாள்; எண்ணைத் திருப்பி வைக்கவில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அதன் எண் பதினொன்று.