ஒரு வார்த்தை கேட்டிருந்தால்

“படிச்ச மனுஷன்தானே நீங்க? வெந்த எலும்பை நாய்க்குப் போடலாமா?”

நாய் டாக்டர் போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே நின்றவர் பஸ் டிரைவர். டூட்டியைப் பாதியில் மாற்றிவிட்டு, யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தார். மேஜைமேல் அவர் வீட்டு நாய் பஞ்சு, நாக்கு வெளுத்துப்போய், மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அவருடைய சின்ன மகள் அதன் காதைத் தடவியபடி விசும்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இதோ பாருங்க, கோழி எலும்பு. வெந்த எலும்பைக் கடிச்சா சிலாம்பு சிலாம்பா பொளந்துக்கும். உள்ள போய் ஊசி மாதிரி குடலைக் குத்தியிருக்கு.”

“தெரியாமப் போச்சு டாக்டர்.”

“தெரியலன்னா கேட்கணும்! தடுப்பூசி போட இங்கதானே கூட்டிட்டு வர்றீங்க? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?”

டிரைவர் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தலையைக் குனிந்துகொண்டார்.

“தப்புதான் டாக்டர். எப்படியாவது காப்பாத்திக் குடுங்க.”

பூனைக் கூடையை மடியில் வைத்திருந்த அம்மா ஒருத்தி, “வாயில்லா ஜீவனை வளர்க்கறதுன்னா சும்மாவா?” என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

“நீதான்ப்பா போட்ட. உன்னாலதான்!” மகள் அப்பாவைப் பிடித்துத் தள்ளினாள்.

டாக்டர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். பஞ்சு பிழைக்கவில்லை.

போர்வையில் சுற்றிய நாயை டிரைவர் தோளில் போட்டுக்கொண்டு போனார். மகள் அவர் கையைப் பிடிக்காமல், நாலடி முன்னால் நடந்தாள்.

கூட்டமெல்லாம் போனபிறகும் டாக்டருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“என்ன ஜனங்களோ! ஒரு உயிர் அநியாயமாப் போச்சு.”

மருந்து கவுன்டரைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி, அலமாரியைப் பூட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

“அவர் கேட்டாருங்க.”

“யாரு? என்ன கேட்டார்?”

“அந்த டிரைவர்தான். போன தடவை ஊசி போட வந்தப்போ, நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். ‘சாப்பிட்டு மிச்சமாகிற கோழி எலும்பை இதுக்குப் போடலாமா டாக்டர்?’னு கேட்டார். நீங்க போன்ல டைல்ஸ் கடைக்காரர்கூட சண்டை போட்டுட்டிருந்தீங்க.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘தாராளமாப் போடுங்க, நாய்க்கு எலும்பு போடாம வேற யாருக்குப் போடுவீங்க’ன்னு சிரிச்சீங்க.”

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டைல்ஸ் சண்டை நினைவுக்கு வந்தது. நிறம் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று கத்தியதுகூட வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது. எதிரே நின்ற மனிதர் கேட்டதுமட்டும், எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“இத ஏன் அப்பவே சொல்லல?”

“நீங்க கத்தின கத்துல எனக்கு வாயே வரல. சொல்லியிருக்கணும். தப்புதான்.”

அன்று டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக டிரைவர் வீட்டைத் தேடிப் போனார். மகள்தான் கதவைத் திறந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அப்பா டிப்போவுக்குப் போயிட்டார்.”

“உன்கிட்டயும் பேசணும் பாப்பா. உங்க அப்பா மேல தப்பே இல்லம்மா. எலும்பு போடலாமான்னு என்கிட்ட கேட்டுட்டுதான் போட்டார். நான்தான் காதுல வாங்காம போடச் சொல்லிட்டேன்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க டாக்டர்தானே?”

அவ்வளவுதான் கேட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

டிப்போவில் டிரைவர் தன் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் பதறி இறங்கி வந்தார்.

“என்ன டாக்டர், நீங்க இவ்வளவு தூரம்?”

“உங்ககிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்கிறதுன்னு தெரியல. நீங்க கேட்டிருக்கீங்க. நான்தான் போடுங்கன்னு சொல்லியிருக்கேன். அத்தனை பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி திட்டினேனே, திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

டிரைவர் துடைக்கிற துணியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

“விடுங்க டாக்டர். போனது வரப் போகுதா?”

“உங்க பொண்ணுக்காவது உண்மை தெரியட்டும்னு, வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டுதான் வர்றேன்.”

டிரைவரின் முகம் செத்துப்போயிற்று.

“ஐயோ, அவகிட்ட ஏன் டாக்டர் சொன்னீங்க?”

“உங்க மேல கோவமா இருக்காளே...”

“அப்பா மேல கோவம் எத்தனை நாளைக்கு டாக்டர்? தானா வந்து மடியில ஏறிக்குவா. ஆனா இந்தச் சுத்துவட்டாரத்துல நாய், பூனைக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நாளைக்கு இன்னொரு குட்டி வந்து, அதுக்கும் உடம்புக்கு முடியலன்னா, அவ யாரை நம்பித் தூக்கிட்டு ஓடி வருவா?”