முள் விழுங்கிய மீன்

இந்த மாதம் பாஸ் மீன் பிடிபட்டால் உயிரோடு திருப்பி விட வேண்டும் என்று ஏரிக்கரைப் பலகையில் எழுதியிருந்தது. குணநாயகத்துக்குப் பிடிபட்டதோ தூண்டில் முள்ளைத் தொண்டைக்குக் கீழே விழுங்கியிருந்தது. மனைவி பவளராணி முள் பிடுங்கும் குறட்டை நீட்டினாள்.

"இழுத்தெடுங்கோப்பா, பாவம்."

"காலமை இழுத்ததைப் பாத்தனீர் தானே?"

காலையில் முள்ளை இழுத்தெடுத்துவிட்ட அந்த மீன் இரத்தம் கக்கி, வெள்ளை வயிறு தெரிய இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"அப்ப முள்ளோடயே விடப்போறியளோ? அது என்னெண்டு சாப்பிடும்?"

அவருடைய முதுகெலும்போரம் சண்டையில் பட்ட ஒரு ஷெல் துண்டு பதினாறு வருஷமாக இருக்கிறது. தொட்டால் கால் போய்விடும், கிடக்கட்டும் என்றார் ஊர் டொக்டர். எடுத்துவிடலாம் என்கிறார் இந்த நாட்டு டொக்டர். வருகிற செவ்வாய்க்கு ஒப்பரேஷன் நாள் குறித்தவள் பவளராணிதான்.

குணநாயகம் கத்தரிக்கோலை எடுத்து, மீனின் வாயருகே தங்கூசி நூலை வெட்டினார். மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார். செவுள் இரண்டு தரம் திறந்து மூடியது. பிறகு அது கையை உதறிவிட்டு ஆழத்துக்குப் போனது.

பவளராணி குறட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, குனிந்திருந்த அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை போறேல்லையோ?"

"கொஞ்சம் பொறும். மிதக்குதோ எண்டு பாப்பம்."

அவளும் வந்து பக்கத்தில் குந்தினாள்.